மூன்றாமிடத்து முள்ளம்பன்றி

கோடையில் ஏரி வற்றிவிட்டால் அதன் நடுமண் பாறையாக இறுகிவிடும். காட்டு விலங்குகள் அங்கேதான் ஹாக்கி ஆடும். வளைந்த கருவேலங்கம்புதான் மட்டை. விளாங்காய்தான் பந்து. மொத்தம் ஐந்து அணிகள்.

ஆலமரத்து அணிக்குத் தலைவர் ஈட்டியப்பன் என்கிற முள்ளம்பன்றி. கோபம் வந்தால் அவருக்கு முதலில் முள் நிமிரும், அப்புறம்தான் வாய் திறக்கும். அவர் அணி வருடா வருடம் மூன்றாவதாகத்தான் வரும். மைனாக்கள் கிளையில் உட்கார்ந்துகொண்டு, "மூணு வந்தாச்சு, மூட்டையக் கட்டு" என்று பாடும். அவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

அந்த மூன்றாமிடத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆட்டங்கள் முடிந்ததும் அந்த வருடம் வளர்ந்த இளசுகள் மருதமரத்தடியில் வந்து நிற்கும். கடைசியாக வந்த அணி முதலில் ஒருவரைப் பொறுக்கிக்கொள்ளலாம். நலிந்தவன் நலிந்தே கிடக்கக் கூடாது என்று யானை வைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவில் கிடப்பவனுக்குக் கோப்பையும் இல்லை, முதல் பொறுக்கலும் இல்லை.

அந்த வருடம் எல்லார் கண்ணும் மின்னி என்ற வெளிமான் குட்டிமேல் இருந்தது. அது ஓடினால் புழுதி எழும்புவதற்குள் அடுத்த கரையில் நிற்கும்.

கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் மரநாய் வந்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிப் பிழைக்கிற ஜென்மம்.

"அண்ணே, நாளைக்கு ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"மூணாமிடம்."

"தோத்தா?"

"கடைசி இடம்." ஈட்டியப்பன் முறைத்தார். "என்னய்யா சொல்ல வர்றே?"

"கடைசி இடம்னா மின்னி. மின்னி வந்தா அடுத்த வருஷம் கோப்பை. ஒரு நாள் அவமானம், ஆயுசுக்கும் லாபம். கசக்குதா?"

முள் நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் படிந்தது. பேரம் படிந்துவிட்டது என்று மரநாய்க்குப் புரிந்தது.

ஈட்டியப்பன் தன் அணியில் ஆடும் முயலிடம் சொன்னார். கீரிகளிடம் சொன்னார். கோலில் நிற்கும் ஆமை கல்லாயியிடம் மட்டும் சொல்லவில்லை. அணி தொடங்கிய நாளிலிருந்து அவள்தான் கோலில் நிற்கிறாள். அவள் ஓட்டில் உள்ள ஒவ்வொரு கீறலும் ஏதோ ஒரு ஆட்டத்தில் வாங்கியது. அவளிடம் போய் 'விட்டுவிடு' என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் பாறை அணியோடு ஆட்டம். அதற்குத் தலைவர் உடும்பு. அந்த வருடம் கீழே மூன்று அணிகள் ஒட்டிக்கொண்டு நின்றதால், அவர்களுக்கும் ஜெயித்தால் மூன்றாமிடம், தோற்றால் கடைசி இடம்தான். பந்து நடுவில் கிடந்தது. ஈட்டியப்பன் தொடவில்லை. உடும்பும் தொடவில்லை.

"நீங்க அடிங்க" என்றது உடும்பு.

"பரவாயில்லை, நீங்களே அடிங்க."

ஈட்டியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. மரநாய் அங்கேயும் போய் அதே சரக்கை விற்றிருக்கிறது.

நடுவராக நின்ற யானை காதை ஆட்டியது. "ஏம்ப்பா, பந்துக்கு அம்மை போட்டிருக்கா? யாரும் கிட்டப் போகமாட்டேங்கிறீங்க?"

ஈட்டியப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. தோற்கிற போட்டியிலும் உடும்பிடம் தோற்பதா? பந்தைத் தட்டிக்கொண்டு திரும்பினார். தன் கோலைப் பார்த்தே ஓங்கி அடித்தார்.

கல்லாயி பக்கவாட்டில் சரிந்து தடுத்தாள். "தலைவரே, மட்டை வழுக்கிருச்சு போல. கையில மண்ணைத் தேய்ச்சுக்கங்க."

அவர் மறுபடியும் அடித்தார். மறுபடியும் தடுத்தாள். மூன்றாவது அடி இடிபோல இறங்கியது. ஓட்டின் விளிம்பில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. பந்து மட்டும் கோலுக்குள் போகவில்லை.

மைனாக்கள் கிளையிலிருந்து கீழே இறங்கி வந்து பார்த்தன.

ஈட்டியப்பன் நடந்து போய் அந்தச் சில்லை எடுத்தார். முள்ளெல்லாம் தழைந்து கிடந்தது.

"கல்லாயி, மட்டை வழுக்கலை."

"தெரியும் தலைவரே. முதல் அடியிலேயே தெரிஞ்சுது. உங்க மட்டை என்னைக்கு வழுக்கியிருக்கு?"

"தெரிஞ்சுமா தடுத்தே?"

"கோல்ல நிக்கச் சொன்னீங்க. அடிக்கிறது யாருன்னு பார்த்தா நிக்க முடியுமா?" அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் வேண்டாம்னா சொல்லிருங்க, போயிடறேன். நின்னா இப்படித்தான் நிப்பேன்."

"நீ போனா இது அணியே இல்லை" என்றார் ஈட்டியப்பன். "தலையை வெளியே எடு. ஆட்டம் பாக்கி இருக்கு."

அதற்குப் பிறகு அவர் ஆடியதுதான் ஆட்டம். பாறை அணி வழிவிட்டு நின்றது உண்மைதான். ஆனாலும் வியர்க்க விறுவிறுக்க ஆடித்தான் ஜெயித்தார்.

மறுபடியும் மூன்றாமிடம். மைனாக்கள் பாடின. முள் நிமிரவில்லை.

மருதமரத்தடியில் மின்னியை உடும்பு கூட்டிப்போனது. ஈட்டியப்பன் முறை வந்தபோது உடம்பெல்லாம் செதில் போர்த்த ஒரு அழுங்குக் குட்டி தானாகவே முன்னால் வந்தது. "அந்த ஆமையக்கா இருக்கிற அணிதானே? நான் வர்றேன்" என்றது.

அடுத்த கோடையில் ஆலமரத்து அணி இரண்டாவதாக வந்தது. உடும்போ மறுபடியும் கடைசியாக வரவே கணக்குப் போட்டது. இன்னொரு நல்ல குட்டி வளர்ந்து வருகிறதாம்.

கடைசி ஆட்டம் முடிந்த சாயங்காலம் மின்னி ஆலமரத்தடிக்கு வந்தது. கண் கலங்கியிருந்தது.

"அக்கா, என்னை மெதுவா ஓடச் சொல்றாங்க. இங்கே இடம் இருக்கா?"

கல்லாயி தலைவரைப் பார்த்தாள். ஈட்டியப்பன் கழுத்தில் நாரில் கோத்துத் தொங்கிய அந்த ஓட்டுச் சில்லைத் தடவிக்கொண்டார்.

"உள்ளே வாம்மா" என்றார். "இங்கே யாரையும் மெதுவா ஓடச் சொல்லமாட்டோம்."

நாளைக்கு வரப்போகிறவருக்காக இன்றைக்கு நம்மை நம்பி நிற்பவரைக் கைவிடக் கூடாது. கைவிட்டால் நாளைக்கு வருகிறவரும் நம்மிடம் தங்கமாட்டார்.