ஆடியில அணைஞ்ச விளக்கு

மேற்கு மலை ரெண்டா விலகி வழி விடுற இடத்துல ஒரு மடம். மடத்துக்கு ஆவுடையம்மாதான் குரு. அவங்க சீடர் தளவாய் அவங்களைவிடப் பத்து வயசு மூத்தவரு. மாநிலத்து மின்சாரத்துக்கே பெரிய அதிகாரி. வயசு என்ன செய்யும், கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னா கேக்கத்தானே வேணும்.

ஒரு ஆடி மாசம், சாயங்காலம், தளவாய் மடத்துக்கு ஓடி வந்தாரு. அவரா ஓடல, காத்து தள்ளிட்டு வந்துச்சு. அந்த ஊருக் காத்து அப்படி. அங்க சண்முகவடிவுன்னு ஒருத்தி அப்பளம் போட்டு விப்பா. ஒரு ஆடியில மொட்டை மாடியில காயப் போட்டதெல்லாம் கிளம்பிப் போயி, அடுத்த ஊரு தபால்காரர் வீட்டு முற்றத்துல இறங்கிருச்சு. அந்த மனுசன் பொரிச்சுச் சாப்பிட்டுட்டு, உப்பு கம்மின்னு சொல்லி விட்டாராம். இவ சும்மா இருப்பாளா? சரி, அது கிடக்கட்டும். தளவாய்க்கு வருவோம்.

வந்தவரு முகத்துல உசிரே இல்ல.

"நாளைக்குச் சபையில பதில் சொல்லணும்மா."

"என்ன பதில்?"

"நம்ம மாநிலத்துக் காத்துலயும் வெயில்லயும் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம்னு. போதாதுன்னு சொல்லிட்டா நிலக்கரி நிலையம் வந்துரும். சாம்பலைக் கொட்ட நாவல்குளத்தை எடுத்துக்குவாங்க. நாலு ஊரு குடிக்கிற தண்ணிம்மா."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

தளவாய் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "போதாதுன்னுதான். அளந்து பாத்தாச்சு. நம்மகிட்ட காத்து இல்ல."

ஆவுடையம்மா ஒரு அகல் விளக்கைக் கொண்டாந்து முற்றத்துல வச்சாங்க.

"பொழுது சாயுது. இதை ஏத்துங்க. அப்புறம் பேசுவோம்."

குச்சியை உரசினாரு, அணைஞ்சுது. கையைக் குவிச்சு உரசினாரு, அணைஞ்சுது. துண்டை எடுத்து மறைச்சாரு. துண்டு அவரு கையை விட்டுக் கிளம்பி, மாட்டுக் கொட்டகைக் கூரையில போயி உக்காந்துக்கிச்சு. நல்ல சரிகைத் துண்டு, சம்பந்தி வீட்டுல போத்தினது. கடைசியில தீப்பெட்டிதான் காலியாச்சு.

"இந்தக் காத்துல எப்படிம்மா ஏத்துறது?"

"எந்தக் காத்துல?"

தளவாய் நிமிந்து பாத்தாரு.

"இப்பதானே இல்லைன்னீங்க."

"கருவியில காட்டலயேம்மா."

"ஆடியில அளந்தீங்களா?"

"ஆடியிலயா? காத்து கிளம்புறப்பவே கருவியைக் கம்பத்துலருந்து இறக்கிடுவோம். துணி சுத்திப் பத்திரமா உள்ள வச்சு, காத்து அடங்கினப்புறம், ஐப்பசியில நல்ல நாள் பாத்துத் திரும்ப ஏத்துவோம். விலை கூடின சாமான், இந்தக் காத்துல விட்டா ஒடிஞ்சு..."

சொல்லி முடிக்கல. கண்ணு கூரையில கிடந்த துண்டுக்குப் போச்சு.

"வெயிலை அளக்குற கருவி?" ஆவுடையம்மா மெதுவாக் கேட்டாங்க.

"அது கண்ணாடிம்மா. வெயில் பட்டா வீணாப் போயிரும்னு... குடை கட்டி வச்சிருக்கோம்."

முதல்ல சிரிச்சது அவருதான். துண்டு கூரையில, தீப்பெட்டி தரையில, மனுசன் நடு முற்றத்துல உக்காந்து கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு.

மறுநாள் சபையில எந்திரிச்சு நின்னாரு. "அளந்தது தப்பு. அளக்கச் சொன்னவன் நான். இந்த ஆடி முடியுற வரைக்கும் அவகாசம் வேணும்."

எதிர் வரிசையில ஒருத்தரு கேட்டாரு: "என்னய்யா, ஆடித் தள்ளுபடியா?"

"இல்லய்யா. இத்தனை வருசமா ஆடியைத்தான் தள்ளுபடி பண்ணியிருக்கோம். அதைத் திருப்பிக் கேக்குறேன்."

சபையே சிரிச்சுது. சிரிச்ச வாயாலேயே சரின்னும் சொல்லிட்டாங்க.

அன்னிக்கே நாள் பாக்காமக் கருவியை ஏத்தினாங்க. முள்ளு கடைசிக் கோட்டுல போயி முட்டிக்கிட்டு நின்னுச்சு. குடையை அவிழ்த்தாங்க, அங்கயும் அதே கதை. ஆடி முடிஞ்சப்ப, மாநிலம் முழுக்க விளக்கு எரிச்சுட்டு, பக்கத்து மாநிலத்துக்கும் குடுக்கலாம்னு கணக்கு வந்துச்சு. நிலக்கரிப் பேச்சு அதோட முடிஞ்சுது. நாவல்குளம் நாவல்குளமாவே இருக்கு.

அப்புறம் சில வருசம் கழிச்சு, இன்னொரு ஆடிச் சாயங்காலம். கணவாய் முழுக்க மின்சாரம் எடுக்குற காத்தாடி சுத்துது. சண்முகவடிவு அப்பளத்துக்கு மேல வலை கட்டியிருக்கா, தபால்காரருக்குத்தான் வருத்தம். தளவாய் ஒரு புதுத் தீப்பெட்டியோட மடத்துக்கு வந்தாரு.

"அன்னிக்கு ஏத்தச் சொன்ன விளக்கு பாக்கி இருக்கேம்மா."

ஆவுடையம்மா அவரை வாசலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கீழ, குளத்தைச் சுத்தி நாலு ஊருலயும் வரிசையா விளக்கு எரியத் தொடங்குச்சு. அதுக்கு அப்பாலயும், கண்ணுக்கு எட்டுற வரைக்கும்.

தளவாய் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. தீப்பெட்டி கையிலயே இருந்துச்சு.

"அன்னிக்கு அகலை அணைச்ச காத்தையே விளக்கு ஏத்த வச்சுட்டீங்கல்ல," ஆவுடையம்மா சொன்னாங்க. "உள்ள வாங்க, சாப்பிடலாம்."