பாதுகை மேல் வைத்த மாத்திரை

பொத்தையடி மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி சாப்பிட்டு மிச்சம் வைப்பதைச் சீடர்கள் பிரசாதமாக எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் போட்டா போட்டி நடக்கும். பெரும்பாலும் ஆறுமுகநயினார்தான் ஜெயிப்பார். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமியைவிட ஆறு வயது மூத்தவர்.

ஒரு நாள் காலையில் சாமியின் காலில் விழுந்து எழுந்த நயினார், தள்ளாடித் தூணைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

"சாமி, இன்னைக்கும் வந்துட்டு."

"என்னது வந்துட்டு?"

"உங்க கால்ல விழுந்து எந்திரிச்சா உலகமே மறைஞ்சு போகுது. பொடிப்பொடியா வெளிச்சம் தெரியுது. பத்து நாளா இப்படித்தான். நேத்து கிணத்தடியிலயும் வந்துது. எனக்கு ஞானம் வரப்போகுதா சாமி?"

மற்ற சீடர்களுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாமி கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். அதற்குச் சுற்றுச்சுவர் கிடையாது.

"பத்து நாளா புதுசா என்னவே சாப்பிடுதீரு?"

நயினார் கூச்சப்பட்டார். "உங்க பிரஷர் மாத்திரைதான் சாமி. அதுல மட்டும் நீங்க மிச்சம் வைக்கிறதில்லையே. காலி அட்டையைக் காட்டிக் கடையில வாங்கிட்டேன். தினமும் உங்க பாதுகை மேல வெச்சு எடுத்துத்தான் போடுதேன்."

"டாக்டர் உமக்குத் தந்த மாத்திரை?"

"அதையும் விடல."

சாமிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பயம்தான் அதிகம். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அப்போதே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா நயினாரை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார்.

"எந்திரிச்சு நின்னதும் ரொம்ப இறங்கிடுது. சாமியோட மாத்திரையில ரெண்டு மருந்து சேர்ந்திருக்கு. அதுல ஒண்ணு நீங்க ஏற்கெனவே போடுறது. ஒரே மருந்தை ரெண்டு தடவை போட்டு, கூடவே இன்னொண்ணும் போட்டிருக்கீங்க."

"சாமிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அது சாமியோட உடம்புக்குப் பார்த்து எழுதினது. இனிமே அதைத் தொடாதீங்க. உங்க மாத்திரையும் இன்னைக்கு வேண்டாம். எப்போ மறுபடி போடணும்னு நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன். அதுக்கப்புறம் நீங்களா கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்."

ஒரு வாரம் போனது. நயினார் தன் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்தார். சாமியின் காலில் விழுந்தார். டாக்டரம்மா சொன்னபடி கொஞ்சம் உட்கார்ந்து, கையை ஊன்றி மெதுவாக எழுந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"எல்லாம் போச்சு சாமி. வெளிச்சமே இல்ல."

"பிறகு என்னதான் தெரிஞ்சுது?"

"உங்க காலு தெரிஞ்சுது. குதிகால்ல வெடிப்பு. பக்கத்துல எறும்பு சாரை சாரையா போச்சு. அவ்வளவுதான்."

"கையை ஊனும்போது எறும்பு ஏதும் நசுங்கிட்டா?"

"இல்ல சாமி. பார்த்துத்தான் ஊனினேன்."

"வெளிச்சம் தெரிஞ்ச அந்தப் பத்து நாள்ல எத்தனை நசுங்குச்சோ," என்றார் சாமி.