மொய் முகவரி

அரிசி ஆலை முதலாளி தணிகாசலம், மொய் அனுப்பச் சொல்லி, மகள் கல்யாணப் பத்திரிகையிலேயே தன் பிட்காயின் முகவரியைப் பெருமையாக அச்சடித்தார். கல்யாணம் முடிந்ததும் பங்காளிகள் கடன் கேட்டு வரிசை கட்டினார்கள். அவருடைய பிட்காயின் சேமிப்பு பைசா பிசகாமல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

“துப்புக் கொடுத்தவனைச் சாயங்காலத்துக்குள்ள பிடி. இல்லன்னா கார் சாவியை வச்சிட்டுக் கிளம்பு!” என்று டிரைவர் குப்புராஜிடம் உறுமினார்.

ஏடிஎம் கார்டின் முதுகிலேயே ரகசிய எண்ணை எழுதிவைத்திருக்கும் நாமா துப்பறிவது என்று குப்புராஜுக்கே சிரிப்பு வந்தது. போய் ஒரு பங்காளியிடமே கேட்டுவிட்டான்.

சாயங்காலம் கைகட்டி நின்றான். “பிடிச்சிட்டேன் முதலாளி. நான்தான்.”

“அடப்பாவி!”

“அந்த முகவரியை நெட்டுல தட்டினா அதுல உங்க இருப்பு, வரவு செலவு மொத்தமும் தெரியுதாம். மொய்க்குன்னு தனியா புது முகவரி போட்டிருக்கணுமாம். அது தெரியாம மடையன் நான், வெத்தலை பாக்கு வச்சு வீடு வீடாப் பத்திரிகை கொடுத்தேன். என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க. அச்சடிச்சவரை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க.”