இரண்டு சாண்

“சனங்களுக்கு ஒன்றும் புரியமாட்டேன் என்கிறது, அம்மா” என்றார் ஏகம்பர்.

வெண்ணாச்சி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஏகம்பருக்கு அறுபது வயது. அரசனுக்கு ஓலைநாயகர். அரசன் வாயிலிருந்து வருவதை ஓலையில் எழுதுவதும், எழுதியதை ஊர் ஊராகப் போய் விளக்குவதும் அவர் வேலை. வெண்ணாச்சிக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. ஏரிக்கரை மண்டபத்தில் தனியாக இருந்தாள். படித்ததெல்லாம் தலைக்குள் பாரமாகிப்போன ஒரு நாளில் ஏகம்பர் அவளிடம் வந்து சேர்ந்தார். மகள் வயதுப் பெண்ணைக் குரு என்கிறாரே என்று அரண்மனையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

“என்ன புரியவில்லையாம்?”

“புதுக் கோல்.”

அவரோடு வந்த இரண்டு சேவகர்கள் அதைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். நிலம் அளக்கிற மூங்கில் கோல். இரண்டு முனையிலும் அரச முத்திரை. பழைய கோல் பதினாறு சாண். இது பதினான்கு.

விஷயம் இதுதான். கஜானா காலி. போன போருக்கு வாங்கிய யானைகள் மட்டும் தின்றுகொண்டே இருக்கின்றன. வரியை ஏற்றினால் ஊர் கொதிக்கும். மந்திரிகள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் கொண்ட நிலம் ஒரு குழி. குழிக்கு இவ்வளவு நெல் என்பது வரி. அவர்கள் வரியில் கை வைக்கவில்லை, கோலில் வைத்தார்கள். கோல் குறுகினால் குழி பெருகும். நூறு குழி வைத்திருந்தவனுக்கு ராத்திரியோடு ராத்திரியாக நூற்று முப்பது குழி ஆகிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். திருட்டுக்கும் அது வேண்டுமே.

“ஒவ்வொரு ஊரிலும் பொறுமையாகச் சொல்கிறேன்” என்றார் ஏகம்பர். “குழிக்கு ஒரு மணி நெல்கூட ஏறவில்லை. உங்கள் நிலம்தான் வளர்ந்திருக்கிறது. நாடே வளர்ந்திருக்கிறது. நேற்றைவிட இன்று நீங்கள் வசதியானவர்கள் என்று.”

“அவர்கள் என்ன சொல்கிறார்கள்?”

“‘எங்கய்யா வளந்திருக்கு? வரப்பு அங்கனயேதான இருக்கு’ என்கிறார்கள்.”

“நீங்கள்?”

“கணக்கில் வளர்ந்திருக்கிறது என்றேன்.”

“அதற்கு?”

ஏகம்பர் தயங்கினார்.

“ஒருத்தி, ‘அப்ப நெல்லையும் கணக்குலயே வாங்கிக்கிடுங்க’ என்றாள். ஊரே சிரித்தது.”

வெண்ணாச்சியும் சிரித்தாள். ஏகம்பருக்குச் சுருக்கென்றது.

“நீங்களுமா? நாளைக் காலையில் நான் கோயில் மதிலுக்கு முன்னால் நிற்க வேண்டும், அம்மா.”

அந்த மதிலில் பதினாறு சாண் நீளத்துக்கு ஒரு கோடு வெட்டியிருந்தது. அளப்பவன்மேல் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கோலைக் கொண்டுவந்து அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்க்கலாம். புதுக் கோல் எது வந்தாலும் ஓலைநாயகர்தான் அதை நாட்டார் முன்னிலையில் கோட்டோடு சேர்த்து வைத்து, ‘ஒத்தது’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கோல் செல்லும். அந்த முறையைத் தாண்ட அரசனுக்கே துணிச்சல் இல்லை. அதனால் நாளைக்கு ஏகம்பர் ‘ஒத்தது’ என்று சொல்லுவார். சொன்ன கையோடு கல்தச்சன் பழைய கோட்டைக் கொத்தி எடுத்துவிடுவான்.

“கோடு போய்விட்டால் பிறகு எதை வைத்துக் கேட்பார்கள்?” என்றாள் வெண்ணாச்சி.

“கேட்க முடியாது. அதற்குத்தானே.”

சொல்லிவிட்டு ஏகம்பர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எனக்கு ஓர் உவமை கொடுங்கள்” என்றார் அவசரமாக. “குழந்தைக்கும் புரிகிற மாதிரி. கூட்டம் முணுமுணுத்தால் அரசன் என்னைச் சும்மா விடமாட்டான். பதவி போகும். தலையும் போகலாம்.”

வெண்ணாச்சி மடியிலிருந்த காம்புகளைத் தட்டிவிட்டு எழுந்தாள். சேவகர்களைக் கூப்பிட்டாள். கோலை அவர் பக்கத்தில் நிறுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

“நேராக நில்லுங்கள்.”

நின்றார். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“பழைய கோலில் நீங்கள் அரைக் கோல்கூட இல்லை. இதில் அரைக் கோலைத் தாண்டிவிட்டீர்கள். அறுபது வயதில் இப்படி ஒரு வளர்த்தியா! போகும்போது நிலைவாசலில் தலை இடிக்கப்போகிறது, பார்த்துப் போங்கள்.”

சேவகர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“விளையாடாதீர்கள், அம்மா.”

“சரி, விளையாடவில்லை. உங்கள் நிலம் எவ்வளவு வளர்ந்தது?”

“என் நிலமா? அது அரசன் கொடுத்த இறையிலி. வரி கிடையாது. அதனால் மறுபடி அளக்கப்போவதில்லை.”

“அடடா” என்றாள். முகத்தில் நிஜமான வருத்தம். “மந்திரிகளுக்கு?”

“அவர்களுக்கும் இறையிலிதான்.”

“நாட்டுக்கே வந்த வளர்ச்சி உங்கள் யாருக்கும் வரவில்லையா? பாவமே! எழுதுகிறவர் நீங்கள்தானே. எங்களுக்கும் கொஞ்சம் வளர்ச்சி வேண்டும் என்று அரசனுக்கு ஓர் ஓலை எழுதுங்களேன்.”

ஏகம்பர் கோலை மறுபடி சுவரில் சாத்தச் சொன்னார்.

வெண்ணாச்சி மறுபடி கீரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“உவமை?” என்றார் கடைசியில்.

“யாருக்கு, அவர்களுக்கா? அவர்களுக்குத்தான் அன்றைக்கே புரிந்துவிட்டதே.”

ஏகம்பர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். நிலைவாசலைத் தாண்டும்போது தன்னையறியாமல் குனிந்தார். குனிந்தது தெரிந்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக ஊர் ஊராகப் போய் எதைச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலையில் மதிலுக்கு முன்னால் நிற்க இடமில்லை. பந்தலில் அரசன். பக்கத்தில் மந்திரிகள். எதிரே ஏழு ஊர் நாட்டாரும் வெயிலில். ஏரிக்கரை ஆட்களோடு வெண்ணாச்சியும் நின்றாள். கல்தச்சன் உளியோடு காத்திருந்தான்.

சேவகர்கள் கோலைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஏகம்பர் அதைக் கோட்டின்மேல் வைத்தார். இடது முனை சரியாக உட்கார்ந்தது. வலது பக்கம் இரண்டு சாண் கோடு வெறுமனே கிடந்தது. கடைசி வரிசையில் நின்றவனுக்கும் தெரிந்தது.

“சொல்லும்” என்றான் அரசன்.

ஏகம்பர் கோலிலிருந்து கையை எடுக்கவில்லை. பயம்தான், அதை மறைப்பானேன். வீடும் மனைவியின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின.

“ஒக்கவில்லை” என்றார்.



மூத்த மந்திரி எழுந்து வந்து அவர் காதருகே குனிந்தார். “ஓலைநாயகரே, கோலைக் கொஞ்சம் தள்ளி வையும்.”

ஏகம்பர் வலது பக்கமாகத் தள்ளி வைத்தார். வலது முனை உட்கார்ந்தது. இப்போது இடது பக்கம் இரண்டு சாண் வெறுமனே கிடந்தது.

“இந்தப் பக்கமும் ஒக்கவில்லை” என்றார், முன்னைவிடச் சத்தமாக.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது ஆளுக்கு ஆள் தொற்றி மதில் முழுக்கப் பரவியது. இந்தத் தடவை ஏகம்பருக்குக் கோபம் வரவில்லை. பயமும் விட்டுப்போயிருந்தது.

அரசன் எழுந்தான். சிரிப்பு அடங்கியது.

“உம் இறையிலி இன்றோடு போயிற்று.”

“போகட்டும், அரசே. அளந்து வரி போடச் சொல்லுங்கள். பதினாறு சாண் கோலால்.”

இரண்டு வீரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். கோல் மண்ணில் விழுந்தது. உளிக்காரன் அரசனைப் பார்த்தான், ஓலைநாயகரைப் பார்த்தான், இன்னும் ‘ஒத்தது’ என்று யாரும் சொல்லவில்லை என்பதால் உளியைக் கீழே வைத்தான்.

“அறுபது வயதுவரை ஒழுங்காக இருந்தீர்” என்றான் அரசன். அவன் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது. “இதையெல்லாம் உமக்கு யார் சொல்லித்தந்தது?”

ஏகம்பர் ஏரிக்கரை ஆட்கள் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

“யாரும் சொல்லித்தரவில்லை, அரசே. கோல் குட்டை.”