வழியில்லாத வில்லை

“மேடம், நான் பழைய வேலைக்கே போயிடறேன்” என்றார் லூர்துசாமி.

நாற்பத்தாறு வயதில் பாலிடெக்னிக் வேலையை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி ஷமீமா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

“என்ன ஆச்சு சார்?”

“மீட்டர் பொய் சொல்லுது.”

அவர் உருக்கி வார்த்த கண்ணாடி வில்லைக்குள் அணுக்கள் தாறுமாறாகக் கிடந்தன. மின்னழுத்தம் கொடுத்து ஒரே திசையில் தள்ளினால் மின்சாரம் பேருக்குத்தான் வந்தது. திசையை மாற்றி மாற்றித் தள்ளினால் கூடியது. வேகமாக மாற்றினால் இன்னும் கூடியது.

“உள்ளே வழியே இல்ல. அப்புறம் எப்படி மேடம் ஓடும்? வில்லை சரியில்லன்னு எட்டை உடைச்சாச்சு. இது ஒன்பதாவது. இதையும் உடைச்சுட்டுக் கிளம்பறேன்.”

பாவம், இரண்டு வருட உழைப்பு.

ஷமீமா எழுந்து ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தார். உடைந்த மேசை, கால் போன நாற்காலி, கவிழ்ந்த பெஞ்சு எல்லாம் இஷ்டத்துக்குக் கிடந்தன.

“எதிர்ச் சுவர் வரைக்கும் போங்க சார்.”

போனார். இரண்டு இடுக்கு தாண்டினார். மூன்றாவதில் தொப்பை மாட்டிக்கொண்டது.

“முடியல மேடம்.”

“சரி, சுவரை விடுங்க. நான் கை தட்டினா அந்தப் பக்கம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு போங்க. மறுபடி தட்டினா திரும்புங்க.”

மெதுவாகத் தட்டினார். லூர்துசாமி ஒரு நாற்காலியைத் தாண்டி, அடுத்த மேசையில் முட்டிக்கொண்டு சும்மா நின்றார். அடுத்த தட்டுக்குத் திரும்பினார்.

வேகமாகத் தட்டினார். இப்போது முட்டிக்கொள்ள நேரமில்லை. பக்கத்து இடுக்குக்கு ஒரு தாவல், உடனே இந்தப் பக்கம் ஒரு தாவல்.

இன்னும் வேகம். ஆராய்ச்சி மாணவர் குதியாய்க் குதித்தார். ஷமீமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தட்டுவதை நிறுத்தினார்.

“எதிர்ச் சுவருக்குப் போயிட்டீங்களா?”

“எங்க மேடம்! நின்ன இடத்துலயேதான் இருக்கேன்.”

“அப்புறம் ஏன் சார் இப்படி வேர்க்குது?”

லூர்துசாமி நெற்றியைத் துடைத்தார். நனைந்த கையைப் பார்த்தார்.

“மேடம்,” என்றார், “மீட்டர் பொய் சொல்லல, இந்தக் குதியைத்தான் காட்டுது. இன்னும் வேகமாத் தட்டுங்க.”