எந்தத் தெரு என்று மட்டும் கேட்ட ஓலை

வெகு காலத்துக்கு முன்னால் குறுங்காவூரை வேங்கைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அன்று சபையில் இருந்தவர்கள்: ராஜா, அமைச்சர் ஆதிநாதர், குதிரை லாயத்து அதிகாரி மழவராயர், வைத்தியர் மாசிலாமணி, விசிறி வீசுகிறவர் இருவர், வாசல் காவலர் நால்வர், ஓடக்காரத் தெருச் செல்லாத்தாள், அவள் தோளில் காய்ச்சலோடு கிடந்த ஆண்குழந்தை. பெரியவர்கள் பதினொருவர், குழந்தை ஒன்று, ஆகப் பன்னிரண்டு.

ஊரில் விஷக்காய்ச்சல். வைத்தியர் ஓலையில் நாற்பத்தொரு பேர். அவர்களிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: எந்தத் தெரு? முப்பது பேர் ஓடக்காரத் தெரு என்றார்கள். அந்தத் தெருவைக் குடியேற்றியவர் ஆதிநாதர். அவர்மேல் மழவராயருக்கு நெடுநாள் புகைச்சல். நோய் அந்த ஜனங்களின் ரத்தத்திலேயே இருக்கிறது, இருபத்துமூன்று வீட்டாரையும் இன்றே ஓடத்தில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட வேண்டும் என்று ராஜாவின் காதில் ஓதினார். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் நினைக்கிற ராஜா சரி என்றுவிட்டான்.

செல்லாத்தாள் அழவில்லை. "மகாராசா, பிள்ளைக்குப் பத்து மாசம். மூணு நாளாக் காய்ச்சல். அக்கரையில கூரை கிடையாது. ஒரு மழை பெஞ்சா தாங்க மாட்டான்."

ஆதிநாதர் அரைநாள் அவகாசம் கேட்டார். வெறுங்கையோடு வந்தால் நீரும் அதே ஓடத்தில் ஏற வேண்டும் என்றான் ராஜா. அவர் ஒப்புக்கொண்டார்.

வைத்தியரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். வயது என்ன, என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதினார். காய்ச்சல் இல்லாத வீடுகளையும் விடவில்லை. சேதி கேட்ட மழவராயர், "வயசு, வேலை, குடும்பம்... அமைச்சர் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாரோ?" என்றார். காவலர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நண்பகலில் ஆதிநாதர் ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பினார். வெயிலில் களைத்திருப்பீர்கள் என்று மழவராயரிடம் நீட்டினார்.

"எந்தத் தண்ணீர் இது?"

"படித்துறைக் கிணறு. உங்கள் லாயத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான்."

மழவராயர் கையை இழுத்துக்கொண்டார். "எங்கள் வீட்டில் அதைக் குடிப்பதில்லை."

"நோய் ரத்தத்தில்தானே இருக்கிறது? தண்ணீரில் இல்லையே?"

ராஜா குடிக்கச் சொன்னான். மழவராயர் குடிக்கவில்லை. கடைசியில் உண்மை வந்தது. போன மாதம் லாயத்துச் சாக்கடையை அந்தக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். தம் வீட்டுக்கு மட்டும் மேலாற்றுத் தண்ணீரை வண்டியில் வரவழைத்தார்.

ஆதிநாதர் ஓலையைப் படித்தார். நாற்பத்தொரு பேரும் அந்தக் கிணற்றில் குடித்தவர்கள். வேறு தெருக்காரர் பதினொருவர் லாயத்தில் வேலை செய்கிறவர்கள். ஓடக்காரத் தெருவில் ஒன்பது வீடுகள் மேலாற்றில் மொள்கின்றன. அங்கே ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. "அந்த ஒன்பது வீட்டிலும் அதே ரத்தம்தான் ஓடுகிறது, அரசே" என்றார்.

தண்ணீரைக் கேட்டது சரி, வயதும் வீட்டு ஆளும் எதற்கு என்றான் ராஜா.

"மருந்து யாருக்கு முதலில் போக வேண்டும் என்று தெரிவதற்கு. சின்னப் பிள்ளைகள் ஆறு, அதில் கைக்குழந்தை ஒன்று. எழுபது தாண்டியவர் ஐந்து. கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாமல் தனியாகக் கிடப்பவர் மூவர்."

ராஜா இறங்கி வந்தான். தன் சால்வையைக் குழந்தைமேல் போர்த்தினான். ஓடம் நின்றது, கிணறு மூடப்பட்டது. இனி வைத்தியர் ஓலையில் ஐந்து கேள்விகள் இருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆதிநாதருக்குத் தன் மோதிரத்தைப் போட்டான். மழவராயர் தம் வண்டியிலேயே மேலாற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, காய்ச்சி, ஓலையில் உள்ள வரிசைப்படி வீடு வீடாகத் தம் கையால் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் இன்றைக்கு உடம்பு எப்படி என்று கேட்கவும் வேண்டும். முதல் நாள் கேட்கக் கூசினார். நாலாம் நாள் தாமாகவே கேட்டார்.

பதினெட்டாம் நாள் நாற்பது பெயருக்கு எதிரே 'எழுந்து நடந்தார்' என்று குறித்திருந்தது. ஒரு பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. ராஜா பதறிப்போனான். வைத்தியர் கைகட்டிச் சொன்னார்: செல்லாத்தாள் மகனுக்குக் காய்ச்சல் விட்டு ஆறு நாள் ஆகிறது, ஆனால் பிள்ளை இன்னும் தவழத்தான் செய்கிறான்.

ஆக மீதி ஒன்று.