முதலாளியின் பாஸ்வேர்டு

அரிசி ஆலையில் பில் போடும் தெய்வானை, கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் என்று போனில் பேசிய எவனிடமோ பாஸ்வேர்டைச் சொல்லி ஏமாந்துவிட்டாள். முதலாளி சொக்கலிங்கம் அவளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து ஏசினார்.

"என்கிட்ட எவனாவது வாங்கிட முடியுமா? நீ வாங்கிக் காட்டு பார்ப்போம். இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

தெய்வானை கூனிக் குறுகிப்போனாள். "உங்ககிட்ட முடியுமா முதலாளி? நான் மக்கு, மகன் பேரை வெச்சிருந்தேன். உங்களை மாதிரி புத்திசாலிங்க எப்படித்தான் வெப்பாங்களோ!"

"அப்படிக் கேளு! என் பேரு, பின்னால பொறந்த வருஷம். எவனுக்குத் தோணும்?"

ஆலையே கொல்லென்று சிரித்தது.

"எனக்கும் இப்படித்தான் முதலாளி, பேச்சுவாக்குல வந்துடுச்சு," என்றாள் தெய்வானை, தலை நிமிராமலே.

முகம் செத்துப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார் சொக்கலிங்கம். "எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கப்பா" என்றார்.